சூரியத் துகள் வந்து மோதுது, அவ்ளோதானா?

2024 மே 10, 11 ராத்திரி ஞாபகம் இருக்கும், மெக்சிகோ, ஃப்ளோரிடா, லடாக்னு அரோரா, அதான் துருவத்துப் பக்க வானத்துல ஆடற கலர் வெளிச்சம், எட்டிக்கூடப் பாக்காத எடத்துல இருந்தெல்லாம் செவப்பும் பிங்க்குமா வானத்த போட்டோ எடுத்துப் போட்டுத் தள்ளினாங்க. 2003 அக்டோபருக்கு அப்புறம் வந்த முதல் ஜி5 லெவல் (அளவுகோல்ல இதுதான் உச்சம்) காந்தப் புயல் அது, அதாவது பூமியோட காந்தப்புலமே கலங்கற சமாச்சாரம். ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் யாராவது ஒருத்தர் வந்து அதே விளக்கத்தப் போடுவாங்க: சூரியன்ல இருந்து மின்னேற்றத் துகள் வருது, பூமியோட காந்தப்புலம் அத துருவத்துப் பக்கம் தள்ளுது, அங்க காத்துல மோதி வெளிச்சம் வருது. முடிஞ்சுது.

இதுல பொய்னு சொல்ல எதுவும் இல்ல. ஆனா நடுவுல இருக்கறத மொத்தமா முழுங்கிடுது, அதான் எனக்கு எரிச்சல். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. சூரியன்ல இருந்து நேரா வந்து விழுதுன்னா பகல் பக்கம்தான விழணும்? பெரிய பெரிய அரோரா எல்லாம் நடுராத்திரி சுமாருக்கு, அதாவது சூரியனுக்கு முதுகக் காட்டிட்டு இருக்கற பக்கத்துல ஏன் வெடிக்குது? ராத்திரி இருட்டா இருக்கறதால கண்ணுக்குத் தெரியுது, அவ்ளோதான்னு சொல்லித் தப்பிக்கலாம்னு பாத்தா அதுவும் முடியாது, ஏன்னா சாட்டிலைட்டுக்கு பகலும் தெரியும், அதுல பாத்தாலும் பலமான வெடிப்பு ராத்திரி பக்கம்தான்.

பகல் பக்கம் சூரியக் காத்து, அதான் சூரியன்ல இருந்து வீசற மின்னேற்றத் துகள் ஓட்டம், நேரா உள்ள நுழையற ஒரு சந்து இருக்கு, அது உண்மை. நார்வேக்கு வடக்க இருக்கற ஸ்வால்பார்டு தீவுல குளிர்காலத்துல மத்தியானமே கும்மிருட்டா இருக்கும், அங்க நின்னா அந்த பகல் அரோராவக் கண்ணாலயே பாக்கலாம். அது பெரும்பாலும் மங்கலான செவப்பு. காரணம் சிம்பிள், நேரா வர்ற எலக்ட்ரானுக்கு சக்தி கம்மி. அப்ப அந்தப் பச்சத் திரை, ஆடி அலைஞ்சு வானத்தப் பிளக்கற அந்த ஐட்டம், அதுக்கு வேற ஏதோ ஒண்ணு நடந்தாகணும். அது என்னன்னு கண்டுபிடிக்க பல தலைமுறை ஆச்சு, அதுல நடந்த கூத்துங்கதான் எனக்குப் புடிச்ச பகுதி.

மொதல்ல இது எவ்ளோ ஒயரத்துல இருக்குன்னே யாருக்கும் உறுதியாத் தெரியாது. மலை உச்சிய உரசிட்டுப் போகுதுன்னு சொன்னவங்களும் உண்டு, பல நூறு கிலோமீட்டர்னு சொன்னவங்களும் உண்டு. ஃபின்லாந்துல செலிம் லெம்ஸ்ட்ரோம்னு ஒருத்தர் 1880-கள்ல ஒரு குன்று மேல செம்புக் கம்பிய வளைச்சு வளைச்சு ஓட்டி, அதுல முள்ளு முள்ளா முனை வெச்சு, செயற்கையா அரோராவ வரவெச்சுட்டேன்னே நம்பினார். இத முடிச்சு வெச்சது கார்ல் ஸ்டோர்மர், நார்வேக்காரர், கணக்கு வாத்தியார். (இளவயசுல வெயிஸ்ட்கோட்டுக்குள்ள கேமராவ ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஓஸ்லோ தெருவுல போற வர்றவங்கள அவங்களுக்கே தெரியாம போட்டோ எடுத்துட்டுத் திரிஞ்ச ஆளும் இவரேதான், அந்தப் படங்கள் இன்னிக்கும் சுத்திட்டு இருக்கு.) அவர் பண்ணது ரொம்ப நேரடியான வேல: பல கிலோமீட்டர் தள்ளித் தள்ளி ரெண்டு எடத்துல கேமராவ வெச்சு, டெலிபோன்ல பேசிக்கிட்டே ஒரே நொடியில ரெண்டு பேரும் கிளிக் பண்ணணும், அப்பறம் ரெண்டு படத்துலயும் அரோராவுக்குப் பின்னாடி எந்த நட்சத்திரம் இருக்குன்னு பாத்தா எவ்ளோ விலகியிருக்குன்னு தெரியும், அதுல இருந்து ஒயரம். 1910-லயும் 1913-லயும் வடக்க போஸ்ஸெகாப் வரைக்கும் போய் எடுத்தார், அதுக்கப்பறமும் விடல, பல வருஷம் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டார். கீழ் ஓரம் 100 கிலோமீட்டர் சுமார்ல, மேல போனா பல நூறு கிலோமீட்டர். மலைக்கும் மேகத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒயரம்.

ஒயரம் தெரிஞ்சதும் அடுத்த சிக்கல் இன்னும் மோசமாச்சு. அந்தப் பச்சை என்ன பச்சை? ஸ்வீடன்ல ஆங்ஸ்ட்ரோம் 1867 வாக்குல அரோராவ ஸ்பெக்ட்ராஸ்கோப்புல (வெளிச்சத்த நிறம் நிறமாப் பிரிச்சுக் காட்டற கருவி) பாத்தப்ப ஒரே ஒரு பச்சைக் கோடு பளிச்சுன்னு நின்னுது, இன்னிக்குக் கணக்குக்கு 557.7 நானோமீட்டர். லேப்ல எந்த வாயுவுக்கும் அந்தக் கோடு வரல. கிரிப்டான்னு கொஞ்ச நாள் ஓடுச்சு, ஏன்னா அதுக்கு அங்கிட்டுப் பக்கத்துலயே ஒரு கோடு இருக்கு. 1911-ல ஆல்ஃப்ரட் வேகனர், அதான் கண்டங்கள் நகருதுன்னு சொன்ன அதே வேகனர், மேல ஒரு புது லேசான வாயு இருக்குன்னு ஜியோகொரோனியம்னு பேரே வெச்சுட்டார். நார்வேல லார்ஸ் வேகார்டு, மேல நைட்ரஜன் ஒறைஞ்சு துளித்துளி பனிப் படிகமா மிதக்குது, அதுல இருந்துதான் பச்சை வருதுன்னு 1924-ல சொன்னார். கடைசியில 1925-ல டொராண்டோல ஜான் மெக்லெனனும் கோர்டன் ஷ்ரமும் ஆக்சிஜனோட ஹீலியத்தக் கலந்து மின்சாரம் பாய்ச்சி அந்தக் கோட்ட லேப்லயே வரவெச்சுட்டாங்க. புது வாயுவும் இல்ல, பனியும் இல்ல, நாம மூச்சு விடற ஆக்சிஜன்தான், ஆனா மூலக்கூறா இல்ல, ஒத்த அணுவா.

அது ஏன் சாதாரணமா லேப்ல வரல? ஒரு எலக்ட்ரான் வந்து அடிச்சதும் அந்த ஆக்சிஜன் அணு சக்திய வாங்கி வெச்சுக்குது, ஆனா உடனே வெளிச்சமா விட்டுடாது, சுமார் முக்கால் செகண்டு எடுத்துக்கும். அணு கணக்குல முக்கால் செகண்டுங்கறது ஒரு யுகம். கீழ இருக்கற அடர்த்தியான காத்துல அதுக்குள்ள லட்சக்கணக்கான தடவ பக்கத்து மூலக்கூறு வந்து இடிச்சு அந்த சக்தியப் புடுங்கிட்டுப் போயிடும், வெளிச்சம் வராது. நூறு கிலோமீட்டருக்கு மேலதான் காத்து அந்த அளவுக்கு மெலிசு. செவப்பு, 630 நானோமீட்டர், இன்னும் பொறுமசாலி, அதுக்கு 110 செகண்டு சுமார் வேணும், யாரும் இடிக்காம அவ்ளோ நேரம் நிக்கணும்னா 200 கிலோமீட்டருக்கு மேல போயாகணும். அதனாலதான் பச்சைக்கு மேல செவப்பு. கீழ் ஓரத்துல பிங்க், நீலம் மாதிரி வர்றது நைட்ரஜன், அது அடி வாங்கினதும் டக்குன்னு விட்டுடும், வேகமா ஆடற ஓரத்துல அது தெரியறதுக்கு அதான் காரணம்.

2024 மே போட்டோக்கள் ஏன் தெக்க வர வர செவப்பாவே இருந்துச்சுன்னு இப்பப் புரியும். தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு பச்சைப் பகுதி பூமியோட வளைவுக்குக் கீழ மறைஞ்சுடும், உச்சியில இருக்கற செவப்பு மட்டும் தொடுவானத்துக்கு மேல தலைய நீட்டும். அதுவும் கண்ணுக்கு சாம்பலாத்தான் தெரியும், கம்மி வெளிச்சத்துல நம்ம கண்ணு செவப்புக்கு ரொம்ப மட்டம், போன் கேமரா பத்து செகண்டு தொறந்து வெச்சா கலர் வந்துடும். போட்டோவ நம்பிப் போய் நேர்ல ஏமாந்தவங்க நிறையப் பேர், போட்டோவும் பொய் சொல்லல.

இப்ப முக்கியமான ஆளு, நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியான் பிர்க்கலாண்ட். ஆனா கதை அவருக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது. 1741-லயே உப்சாலால செல்சியஸும் அவரோட ஆள் ஹியோர்டரும் அரோரா வர்றப்ப காந்த ஊசி ஆட்டம் போடறதப் பாத்து எழுதி வெச்சுட்டாங்க, லண்டன்ல ஜார்ஜ் கிரஹாமோட ஊசியும் அதே நாள்ல ஆடிச்சு, அப்ப இது உள்ளூர் சமாச்சாரம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. ஊசி ஆடுதுன்னா எங்கயோ கரண்ட் ஓடணும். எங்க? இதுக்குத்தான் பிர்க்கலாண்ட் உயிரக் குடுத்து அலைஞ்சார். 1899-ல வடக்கு நார்வேல ஹால்டே மலை உச்சியில ஒரு ஆய்வுக்கூடம் கட்டி, குளிர்காலம் முழுக்க அங்கயே ஆளுங்களத் தங்க வெச்சு அளந்தார், பனிச்சரிவுல உயிர்ப்பலி கூட ஆச்சு. அப்பறம் 1902-1903-ல நாலு எடத்துல ஒரே நேரத்துல அளந்து பாத்து சொன்னார்: கரண்ட் மேல இருந்து காந்தக் கோடுகளோடயே எறங்குது, வளிமண்டலத்துல கொஞ்ச தூரம் ஓடுது, மறுபடி மேல ஏறிப் போகுது. லேப்ல காத்த உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள்ள காந்தம் வெச்ச ஒரு குட்டி உலகத்த வெச்சு எலக்ட்ரான் பீச்சி அடிச்சு, துருவத்தச் சுத்தி வளையமா வெளிச்சம் வர்றதக் காமிச்சார். இதுக்கெல்லாம் காசு வேணும்னு காத்துல இருந்து உரம் செய்யற முறைய சாம் ஐடேயோட சேந்து கண்டுபிடிச்சார், நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி அதுல பொறந்ததுதான். அரோராவுக்கு ஃபண்டு பண்ண உரக் கம்பெனி, இன்னிக்கு கிராண்ட் அப்ளிகேஷன் எழுதி எழுதி நொந்து போற ஆராய்ச்சியாளர்கள் இதப் படிச்சா அழுவாங்க.

அவர் 1917-ல டோக்கியோல செத்துப் போனார். அதுக்கப்பறம் அரை நூற்றாண்டு அவரு சொன்னத பெரிய எடத்துல மதிக்கல. சிட்னி சாப்மன் அந்தத் துறையில ராஜா மாதிரி, கணக்குல கில்லாடி, கரண்ட் மேல இருந்து எறங்க வேண்டிய அவசியமே இல்ல, எல்லாம் வளிமண்டலத்துக்குள்ளயே சுத்துதுன்னு அழகா சமன்பாடு போட்டுக் காமிச்சார். தரையில இருந்து அளந்தா ரெண்டு விளக்கமும் ஒரே மாதிரிதான் பொருந்தும், அதுதான் கொடுமை. ஸ்வீடன்ல ஹான்னஸ் ஆல்ஃப்வேன் மட்டும் பிர்க்கலாண்டுக்காகக் கத்திக்கிட்டே இருந்தார். 1960-களோட பிற்பாதியில அமெரிக்க நேவியோட ஒரு சாட்டிலைட் சுமார் 1,100 கிலோமீட்டர் ஒயரத்துல போறப்ப அரோரா வளையத்துக்கு மேல காந்தமானி துள்ளினது, பாத்தா அதே கரண்ட். 1970-கள்ல டிரையாட் சாட்டிலைட் வந்து சந்தேகத்த முழுசா தீர்த்துச்சு. இன்னிக்கு அதுக்குப் பேரு பிர்க்கலாண்ட் கரண்ட். சாப்மன குறை சொல்லல, இருந்த டேட்டாவுக்கு அவர் சொன்னதும் ஞாயம்தான், ஆனா அழகான கணக்கு எவ்ளோ நாள் உண்மைய மறைச்சு வெக்கும்ங்கறதுக்கு இத விட நல்ல கதை எனக்குத் தெரியல.

வேடிக்க என்னன்னா அடுத்த திருப்பத்தக் கொண்டு வந்தது சாப்மனோட மாணவர்தான். ஜப்பான்ல இருந்து அலாஸ்காவுக்கு வந்த சியுன்-இச்சி அகாசோஃபு. 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுல முழு வானத்தையும் ஒரே ஃப்ரேம்ல எடுக்கற கேமராங்கள வடக்கு முழுக்க நிறுத்தி வெச்சிருந்தாங்க, அந்த ஃபிலிம் எல்லாத்தையும் ஒக்காந்து பாத்து 1964-ல எழுதினார்: அரோரா சும்மா கண்டபடி ஆடல, அதுக்கு ஒரு திரைக்கதை இருக்கு. அமைதியா ஒரு வளைவு நிக்கும், நடுராத்திரி பக்கத்துல அதோட தெக்கு ஓரம் திடீர்னு பளிச்சுன்னு எரியும், ஓடஞ்சு வடக்கயும் மேற்கயும் பாயும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அடங்கும். சப்ஸ்டார்ம்னு பேரு. ஒரு ராத்திரியில இது பல தடவ கூட நடக்கலாம்.

இங்கதான் அந்த நடுராத்திரி கேள்விக்கு பதில் வருது. சூரியக் காத்து பூமியோட காந்தப்புலத்த முன்பக்கம் அமுக்கி, பின்பக்கம் நிலாவுக்கு அப்பாலயும் போற நீள வாலா இழுத்துடுது. 1961-ல ஜேம்ஸ் டன்ஜி சொன்னது என்னன்னா, சூரியக் காத்து கொண்டு வர்ற காந்தப்புலம் தெக்கப் பாத்து இருந்தா அது முன்பக்கத்துல பூமியோட காந்தக் கோட்ட வெட்டி தன்னோட ஒட்டிக்கும், அந்தக் கோட்ட அப்படியே பின்னாடி வாலுக்கு இழுத்துட்டுப் போகும். வால்ல சக்தி சேந்துக்கிட்டே போகும், உண்டிவில்லு ரப்பர இழுக்கற மாதிரி இழுபட்டு இழுபட்டு, ஒரு கட்டத்துல கோடுங்க அங்கயே வெட்டி ஒட்டிக்கிட்டு டபக்குன்னு பூமியப் பாத்து சுண்டி விடும். அதாவது துகள் முன்னால இருந்து வரல, பின்னால இருந்து வருது. சூரியனுக்கு முதுகக் காட்டற பக்கத்துல.

இது எங்க ஆரம்பிக்குதுன்னு ரெண்டு கோஷ்டி சண்ட பல வருஷம். பூமிக்குக் கிட்டயே கரண்ட் அறுபட்டு ஆரம்பிக்குதுன்னு ஒரு கோஷ்டி, தூரத்துல காந்தக் கோடு வெட்டி ஒட்டறதுதான் ஆரம்பம்னு இன்னொண்ணு. நாசா 2007 பிப்ரவரியில தீமிஸ்னு அஞ்சு சாட்டிலைட்ட ஒரே ராக்கெட்ல அனுப்பி வால் நெடுக வரிசையா நிறுத்துச்சு, கீழ கனடாவுலயும் அலாஸ்காவுலயும் இருபது கேமரா. 2008 பிப்ரவரி 26-ல மாட்டுச்சு: நிலாவுக்குப் போற தூரத்துல மூணுல ஒரு பங்கு தூரத்துல மொதல்ல கோடு வெட்டி ஒட்டுச்சு, 96 செகண்டு கழிச்சு அரோரா பளிச்சிட்டுது. சண்ட ஓஞ்சிடுச்சான்னா இல்ல, ஒரு நிகழ்ச்சிய வெச்சு எல்லாத்தையும் சொல்லக் கூடாதுன்னு எதிர்கோஷ்டி சொன்னதுல ஞாயம் இருக்கு.

இன்னும் ஒரு படி பாக்கி. வால்ல இருந்து கெளம்பின எலக்ட்ரான் எல்லாமே பளிச்சுன்னு எரியற அளவுக்கு வேகத்தோட வர்றதில்ல. 1958-ல கனடாவோட ஃபோர்ட் சர்ச்சில்ல இருந்து கார்ல் மெக்கில்வெய்ன் அரோராவுக்குள்ளயே ராக்கெட் விட்டுப் பாத்தப்ப, பளிச்சுன்னு இருந்த வளைவுல எலக்ட்ரான்லாம் கிட்டத்தட்ட ஒரே சக்தியோட எறங்கிட்டு இருந்துச்சு. கண்டபடி சூடானதுன்னா கலவையா இருக்கணும், ஒரே அளவுன்னா யாரோ ஒரே மாதிரி தள்ளி விட்டிருக்கான்னு அர்த்தம். தலைக்கு மேல சில ஆயிரம் கிலோமீட்டர் ஒயரத்துல காந்தக் கோட்டோட ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் நிக்குதுன்னு அப்பறம் சாட்டிலைட்டுங்க காமிச்சுச்சு. இன்னொரு வழியும் இருக்கு, காந்தக் கோட்டுல ஓடற ஆல்ஃப்வேன் அலைங்க மேல எலக்ட்ரான் ஏறி சவாரி பண்ணி வேகம் எடுக்கறது. இத 2021-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல 20 மீட்டர் நீளப் பிளாஸ்மா (மின்னேற்ற வாயு) குழாய்க்குள்ள செஞ்சே காமிச்சுட்டாங்க, விநாடிக்கு 20,000 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் எலக்ட்ரான்கள ஏத்திவிட இந்த அலைகளால முடியும்னு கணக்கு.

இத்தன படியும் தாண்டின அப்பறம்தான் "காத்துல மோதி வெளிச்சம் வருது".

அந்தக் காத்து பத்தி கொஞ்சம். 50-ல இருந்து 100 கிலோமீட்டர் சொச்சம் வரைக்கும் இருக்கற அடுக்கு யாருக்கும் எட்டாத எடம், பலூன் அவ்ளோ மேல போகாது, சாட்டிலைட் அவ்ளோ கீழ சுத்தினா எரிஞ்சு விழுந்துடும். ராக்கெட் மட்டும் சில நிமிஷம் குறுக்க போய்ட்டு வரும். அலாஸ்காவுல போக்கர் ஃப்ளாட், நார்வேல ஆன்டோயா, ஸ்வீடன்ல எஸ்ரேஞ்ச்னு அதுக்குன்னே ஏவுதளம் இருக்கு, சரியான அரோரா வர்ற வரைக்கும் கவுன்ட்டவுன நிறுத்தி வெச்சு ராத்திரி ராத்திரியா ஒக்காந்திருப்பாங்க. 1995 ஜனவரி 25-ல ஆன்டோயால இருந்து அப்படி ஒரு பிளாக் பிரான்ட் ராக்கெட் போச்சு, ரஷ்யாவுக்கு முன்கூட்டியே சொல்லியாச்சு, ஆனா அந்தத் தகவல் ரேடார்ல ஒக்காந்திருந்தவங்க கைக்குப் போகல, அவங்க அத அமெரிக்க நீர்மூழ்கி ஏவுகணைன்னு நெனச்சு, அப்ப ரஷ்ய அதிபரா இருந்த யெல்ட்சினோட அணு ஆயுதப் பெட்டியே தொறக்கற வரைக்கும் போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல அது ரஷ்யாவ விட்டு விலகிப் போகுதுன்னு தெரிஞ்சு அடங்கினாங்க, ராக்கெட் ஸ்வால்பார்டு பக்கம் விழுந்துச்சு. அரோராவ அளக்கப் போன ராக்கெட்டு!

மேல் காத்துக்கு இன்னொரு கொணம், சூடானா உப்பும். 2022 பிப்ரவரி 3-ல ஸ்பேஸ்எக்ஸ் 49 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்ட 210 கிலோமீட்டர்ல விட்டுச்சு, அப்ப வந்த புயல் ஒண்ணும் பெருசில்ல, சின்னதுதான், ஆனா காத்து உப்பி இழுவை கூடினதுல 38 திரும்பி விழுந்து எரிஞ்சு போச்சு.

சாதாரண ஆளுங்க இதுல என்ன செய்ய முடியும்னு கேட்டா, நிறையவே. கனடாவுல அரோரா பின்னாடி அலையற ஒரு ஃபேஸ்புக் குரூப் ஊதா நிறத்துல மெல்லிசா ஒரு பட்டைய வருஷக்கணக்கா போட்டோ எடுத்துட்டு, அது புரோட்டான் வளைவுன்னு, அதாவது எலக்ட்ரானுக்குப் பதிலா புரோட்டான் வந்து மோதி வர்ற அரோரான்னு சொல்லிட்டு இருந்தாங்க. புரோட்டான் அரோரா அப்படிக் கண்ணுக்குத் தெரியாதேன்னு விஞ்ஞானிங்க முழிச்சாங்க. என்னன்னு தெரியாததால ஒரு அனிமேஷன் படத்துல வர்ற ஜோக்க வெச்சு ஸ்டீவ்னு பேரு வெச்சாச்சு. ஐரோப்பாவோட ஸ்வார்ம் சாட்டிலைட் அதுக்கு நடுவுல போனப்ப வெப்பம் 3,000 டிகிரி எகிறுச்சு, 25 கிலோமீட்டர் அகலத்துல வாயு மேற்குப் பக்கமா விநாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்துல ஓடிட்டு இருந்துச்சு. 2018-ல பேப்பர் வந்துச்சு, அது வழக்கமான அரோராவே இல்லன்னு அதே வருஷம் இன்னொரு பேப்பர் சொல்லிடுச்சு, அந்த ஊதா வெளிச்சம் எப்படி வருதுன்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. ஃபின்லாந்துல 2018 அக்டோபர்ல போட்டோ எடுக்கறவங்க மணல் மேடு மாதிரி வரிவரியா ஒரு பச்சையப் புடிச்சாங்க, அது அந்த எட்டாத அடுக்குல காத்தே அலையா ஓடறதோட படம்னு 2020-ல எழுதினாங்க.

சரி, எப்ப வரும்னு சொல்ல முடியுமா? பாதிதான். சூரியன்ல ஒரு வெடிப்பு கெளம்பினத பாத்துடலாம், எப்ப வந்து சேரும்னு பத்து மணி நேரம் முன்னப்பின்ன சொல்லலாம். ஆனா அது கொண்டு வர்ற காந்தப்புலம் வடக்கப் பாக்குதா தெக்கப் பாக்குதான்னு வழியில யாராலயும் சொல்ல முடியல, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்கற சாட்டிலைட்ட அது தாண்டறப்பதான் தெரியும், அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் கூட கையில இருக்காது. வடக்கப் பாத்துச்சுன்னா எவ்ளோ பெரிய வெடிப்பா இருந்தாலும் புஸ்ஸுன்னு போயிடலாம். அதனால ஆப்ல கேபி 7னு (காந்தப் புயல் எவ்ளோ பலம்னு சொல்ற எண்) ரெண்டு நாள் முன்னாடியே காமிச்சா அதுக்காக டிக்கெட் போடாதீங்க. அரோரா தெரியற எடத்துக்குப் போயிருந்தீங்கன்னா கேபிய விட்டுட்டு பிஇசட்னு ஒரு கிராஃப் இருக்கும், அதப் பாருங்க, வர்ற காந்தப்புலம் வடக்கப் பாக்குதா தெக்கப் பாக்குதான்னு அதான் காட்டும், மைனஸ்னா தெக்க. அது மைனஸ் பத்து நானோடெஸ்லாவுக்குக் கீழ எறங்கி அரை மணி, ஒரு மணின்னு அங்கயே நின்னா ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு வெளிய வந்துடுங்க, வந்ததும் அமைதியா ஒரு வளைவு மட்டும் நின்னாலும் உடனே உள்ள போயிடாதீங்க, அதோட தெக்கு ஓரத்துல ஒரு கண்ணு இருக்கட்டும்.